புஷ்பா அக்காவும் கொழும்புக்குப் போன மெழுகுதிரிகளும்

ராகலை பஜாருக்குக் காலையில் ரொட்டி விற்கும் பாண் ஆட்டோ வருவது முதலில் காதுக்குத்தான் தெரியும். அந்தப் பாட்டுச் சத்தம் அப்படி. அன்று ஆட்டோ என் கடை வாசலில் வந்து நின்றபோது சத்தமே இல்லை. பாட்டை நிறுத்திவிட்டே ஓட்டி வந்திருந்தார் அந்த மனிதர். நான் கடைக் கதவைப் பாதி திறந்த நிலையில் திரும்பிப் பார்த்தேன்.

"மேட்டு லயத்துல இருந்து வாறேங்க. மெழுகுதிரி அம்மா போயிட்டாங்க. விடியக்காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். வண்டியில ஏத்துறதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்."

"நேத்து சாயந்தரம் என்கூட சண்ட போட்டுட்டுப் போன மனுசி! எப்புடிங்க போவாங்க?" என்று அவரிடமே பாய்ந்தேன். எனக்குக் கோபம் வந்தால் எதிர்க் கடைவரை கேட்கும் என்பது பஜாருக்கே தெரியும். பாவம், அவர் என்ன செய்வார்? வண்டியிலிருந்த ஒரு பணிஸ் ரொட்டியை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, பாட்டுப் போடாமலே கிளம்பிப் போனார். அந்தப் பணிஸைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது.

செத்த வீட்டுக்கு வந்திருந்த நீங்கள் எல்லோரும் ஆளுக்கொரு கதை சொன்னீர்கள். பாதிக் கதைகளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. தப்பு அடிக்க வந்தவர்கள்கூடத் தப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். அன்று வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். "என்னாங்க, கடக்கார அம்மாவுக்கு சத்தமே வரல?" என்று யாரோ கேட்டது என் காதிலும் விழுந்தது. இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

நீங்கள் மெழுகுதிரி அம்மா என்று சொல்லும் புஷ்பராணி, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் வேலை பார்த்தவர். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். சாயங்காலம்வரை அத்தனை பிள்ளைகளுக்கும் தாய் அவர்தான். கணவர் வெகுநாட்களுக்கு முன்பே தவறிவிட்டார். ஒரே மகள் யோகேஸ்வரி. எனக்கு ராகலை பஜாரில் வளையல், ரிப்பன், பூஜைச் சாமான், பள்ளிக்கூடப் பை எல்லாம் விற்கும் ஃபேன்சி கடை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் "அக்கா" என்றுதான் கூப்பிட்டோம். மூத்தவள் நான் என்று இரண்டு பேருமே கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

நாட்டில் கரண்டு மணிக்கணக்கில் போய்வந்த காலத்தில்தான் முதன்முதலாக என் கடைக்கு வந்தார். எல்லோரும் மெழுகுதிரி கேட்டு வரிசையில் நின்றார்கள். அவருடைய முறை வந்ததும், "ஒடஞ்சது, நசுங்குனது இருந்தா குடுங்க. எறிஞ்சிராதீங்க" என்றார். இருந்ததை ஒரு பையில் அள்ளிக் கொடுத்தேன். மறுவாரம் திரும்பி வந்தார். யோகட் கோப்பையில் வார்த்த ஒரு திரியை என் மேசையில் வைத்தார். இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று அடுக்கடுக்காக நிறம்! பிள்ளைகள் கிறுக்கி முடித்த மெழுகுக் கலர்த் துண்டுகளைப் பொறுக்கி உருக்கிச் சேர்த்திருக்கிறார். நான் ஆசையோடு பற்றவைத்தேன். ஒரு தரம் துள்ளியது, அணைந்தது. மறுபடி பற்றவைத்தேன், மறுபடி அணைந்தது. கலர் உள்ளே எரியும் நூலுக்குள் போய் அடைத்துக்கொண்டது என்பது அப்புறம்தான் எங்களுக்குப் புரிந்தது. அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதைப் பார்த்துச் சிரித்தார். "அழகு இருக்கு, புத்தி இல்ல" என்றார். அதன் பிறகு எங்களிடம் எது சரியாக வராமல் போனாலும், அது சாமானாக இருந்தாலும் மனிதராக இருந்தாலும், இதே வார்த்தைதான்.

அப்போது அது வெறும் பொழுதுபோக்கு. வேலை முடிந்து வந்து அடுப்பில் பழைய பால்மா டின்னை வைத்து மெழுகு உருக்குவார். மூங்கில் துண்டு, தண்ணீர்க் குழாய்த் துண்டு, எது கிடைக்கிறதோ அதில் வார்ப்பார். கொல்லையில் பறித்த பெரணி இலையையும் வெள்ளைத் தேயிலைப் பூவையும் புத்தகத்துக்குள் வைத்துக் காயவைத்து, திரியின் மேல் ஒட்டி, மேலே மெல்லிசாக மெழுகு பூசுவார். தன் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லோருக்கும் சும்மாவே கொடுத்தார். எல்லோரும் "ஐயோ, என்னா அழகு!" என்றார்கள். ஒருநாள் என்னிடம் வந்து, "சும்மா குடுத்தா எல்லாருக்கும் அழகாத்தான் இருக்கும் அக்கா. காசு கேட்டாத்தான் உண்மை என்னான்னு தெரியும். நான் கேக்கப் போறேன்" என்றார்.

ஏன் கேட்கப் போகிறார் என்பதையும் அன்றே சொன்னார். யோகா படிப்பை முடித்ததும் கொழும்பில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்குப் போயிருந்தாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவாள், கண்மூடித் திறப்பதற்குள் போய்விடுவாள். "அவ அங்கன நின்னு சம்பாதிக்கிறத நான் இங்கன உண்டாக்கிட்டா, அவ அங்க ஏன் நிக்கணும்?" என்று கேட்டார். மெழுகுதிரியில் ஒரு சம்பளமா என்று நான் வாய்விட்டே சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கடை அலமாரியில் ஒரு தட்டை ஒதுக்கிக் கொடுத்தேன்.

ஏப்ரலில் நுவரெலியாவில் சனம் குவியும் அல்லவா? அங்கே தெரு ஓரத்தில் ஒரு மேசை போட்டோம். முதல் ஆளாகக் கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் நின்றது. பெரணி இலைத் திரியைக் கையில் எடுத்து விலை கேட்டார்கள். புஷ்பா அக்கா தலையைக் குனிந்துகொண்டு, தெரிந்த சிங்களத்தில், விருப்பமானதைத் தாருங்கள் என்று சொல்லிவிட்டார்! மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். மிதித்த பிறகும் அடுத்த ஆளிடம் அதையே சொன்னார். அன்று முழுக்க நாங்கள் வாங்கியது வியாபாரம் இல்லை, தட்சணை.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் விடவில்லை. "ஏன் அக்கா, புள்ளமடுவத்துல சம்பளம் வாங்கும்போது தொரைகிட்ட 'நீங்க பாத்து குடுங்க'ன்னா சொல்லுவீங்க?" என்று கேட்டேன். பஸ் கந்தப்பளை தாண்டும்வரை அவர் அந்தத் தட்சணைக் காசையே எண்ணிக்கொண்டு வந்தார். பிறகு, "அது வேலை. இது நான் வெளையாண்டது. வெளையாட்டுக்கு எப்புடி காசு கேக்குறது?" என்றார். "இன்னும் வெளையாட்டுன்னா யோகாவ கொழும்புலயே விட்டுருங்க" என்றேன். கொஞ்சம் காரமாகத்தான் சொன்னேன். மறுநாள் மேசைக்கு முன்னால் ஒரு அம்மா வந்து நின்றார். கேட்பதற்கு முன்பே புஷ்பா அக்கா விலையைச் சொன்னார். சொன்ன சத்தத்தில் அந்த அம்மா ஒரு அடி பின்னால் போய்விட்டார். ஆனால் வாங்கினார். சாயங்காலத்துக்குள் மேசை காலி.

இந்த ஊரில் விற்காத ஒன்று வெளியூரில் விற்கும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. யூகலிப்டஸ் தைலம் கலந்த திரியை லயத்தில் யாரும் தொடவில்லை. "சளிக்குத் தேய்க்கிற வாசத்த வீட்ல கொளுத்தவா?" என்று கேட்டார்கள். வெளியூர்க்காரர்கள் அதையே மூக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "நுவரெலியா வாசம்!" என்றார்கள். புஷ்பா அக்காவுக்கு அன்று சிரிப்பை அடக்க முடியவில்லை.

தீபாவளிக்கு வந்த யோகா கொஞ்சம் திரிகளைக் கொழும்புக்குக் கொண்டுபோய், தன் கடைக்குப் பக்கத்துப் பரிசுக் கடையில் காட்டினாள். அந்தக் கடை முதலாளியம்மாவான நோனாவுக்குப் பிடித்துப்போனது. நத்தாருக்கு, அந்தக் கிறிஸ்மஸ் வியாபாரத்துக்கு, வேண்டும் என்று ஒரு பெரிய ஓடர் கொடுத்தார். நாங்கள் ஆடாத குறைதான். லயத்துப் பெண்கள் நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, இலை ஒட்டி, பெட்டியில் அடுக்கி, பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் யோகாவின் அழைப்பு வந்தது. என் கடையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டோம்.

"அம்மா, எல்லாம் கும்புடுதும்மா."

"என்னா புள்ள சொல்ற?"

"திரி எல்லாம் தலைய குனிஞ்சு கும்புட்டுக்கிட்டு நிக்குதும்மா! நோனா என்னையக் கூப்புட்டுக் காட்டுறாங்க. நான்தான் நல்ல சாமான்னு சொல்லிக் குடுத்தது. எனக்கு வெக்கமா இருக்கு. இனி இது வேணாம்மா, விட்டுருங்க."

புஷ்பா அக்கா முதலில் சிரித்தார். போன் வைத்த பிறகு என் கடை முக்காலியில் உட்கார்ந்து அழுதார். திரி வளைந்ததற்கு இல்லை. மகள் "விட்டுருங்க" என்றதற்கு. மறுநாள் முதல் பஸ்ஸுக்கு இரண்டு பேரும் கிளம்பினோம்.

அவர் கொழும்பைப் பார்த்ததே அதுதான் முதல் தடவை. வியர்வையில் குளித்துக்கொண்டு, லீவு போட்டு வந்த யோகாவோடு நேரே அவள் அறைக்குப் போனோம். சுவரோரமாக வரிசையாய்ப் பாய்கள், நடக்க இடமில்லை. அதைப் பார்த்த புஷ்பா அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே யோகாவின் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் இருந்தது. அதைக் கையில் எடுத்து ஆட்டினார். எண்ணெய் தண்ணீராய் ஆடியது. "அக்கா, இங்க வாங்க! இதப் பாருங்க!" என்று கத்தினார்.

விஷயம் இதுதான். எங்கள் குளிரில் வெறும் மெழுகை வார்த்தால் ஓரம் வெடித்துவிடும். அதற்காக அவர் மெழுகோடு தேங்காய் எண்ணெய் கலந்தார். எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய் என்பது போத்தலில் கல்லாய் உறைந்து கிடக்கும் சாமான். அடுப்போரம் வைத்து உருக்கித்தான் தலைக்கே தேய்ப்போம். கல்லோடு கல் சேர்ந்தால் இன்னும் கெட்டியாகும் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். கொழும்பில் அது எண்ணெய் என்பது ராகலையில் பிறந்த எங்களுக்கு எப்படித் தெரியும்? யோகா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரும் அந்தப் பாய்களின் மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

கடை நோனா கோபக்காரர் இல்லை, ஆனால் வியாபாரி. நத்தாருக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கும் திரி வந்தால் எடுத்துக்கொள்வேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்று முடித்துவிட்டார். திரும்பும் பஸ்ஸில், "நம்ம லயத்துக் காம்பராவே தேவலை அக்கா. என் புள்ள அங்க எப்புடி மூச்சு விடுறா?" என்று மட்டும் புஷ்பா அக்கா கேட்டார்.

வெடிக்காமலும் வேண்டும், வளையாமலும் வேண்டும். எண்ணெயை நிறுத்தினார். மெழுகைக் கெட்டியாக்கும் வெள்ளைத் தூள் ஒன்று இருக்கிறது என்று விசாரித்து வாங்கிவந்தோம். வார்த்த அச்சுகளைச் சட்டென்று ஆறவிடாமல், கொழுந்துக்காரர்கள் மழைக்குப் போர்த்தும் கம்பளியைச் சுற்றி வைத்தார். பிள்ளைமடுவத்துக் குழந்தைகளைப் போர்த்துகிற மாதிரியே முனையை உள்ளே மடித்து வைப்பார். மறுநாள் பிரித்தால் ஒரு கீறல் இருக்காது. ஆனால் கொழும்புச் சூட்டில் நிற்குமா என்று ராகலையில் எப்படிப் பார்ப்பது? அவர் ஒரு திரியை எடுத்துக்கொண்டு நேரே பஜார் பேக்கரிக்குப் போனார்.

"நானா, ஒங்க போறணைக்குப் பக்கத்துல கொஞ்சம் எடம் குடுங்க. இதுகளுக்குக் கொழும்பக் காட்டணும்."

பேக்கரி நடத்தும் முஸ்லிம் அண்ணன், எங்கள் எல்லோருக்கும் நானா, நல்ல மனிதர். பாண் சுடும் போறணை அடுப்பின் சுவரோரம் ஒரு பலகை போட்டுக் கொடுத்தார். அந்தப் பலகைக்கு நாங்கள் வைத்த பெயர் "கொழும்பு". ஒவ்வொரு வார்ப்பிலும் ஒரு திரி ஒரு பகல் முழுக்கக் கொழும்பில் நிற்க வேண்டும். நிமிர்ந்து நின்றால் மற்றவை பெட்டிக்குப் போகும். கும்பிட்டால் திரும்ப டின்னுக்குப் போகும். "இன்னைக்கி கொழும்பு போனது என்னாச்சு?" என்று பஜாரில் போகிறவர்கள் எல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் நானா என் கடைக்கு வந்து, "ஒங்க தைலத் திரியால என் பாண் எல்லாம் மணக்குது. வாங்கித் திண்டவங்க சளி போயிட்டுன்னு சொல்றாங்க. மருந்துக்கும் சேத்து வெல போடவா?" என்று கேட்டார். இன்றுவரை எந்த வார்ப்பும் கொழும்பு பார்க்காமல் ராகலையை விட்டுப் போவதில்லை.

நத்தாருக்கு முன்பே பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. போன் வந்தது. "அம்மா, எல்லாம் நேரா நிக்குது." இவர் நம்பவில்லை. "எட்டத்துல நின்னு பாக்காத. கிட்டப் போயி பாரு. ஒண்ணாவது கும்புடுதா?" என்றார்.

அதன் பிறகு வேலை வளர்ந்தது. என் கடையின் பின்னறையை எடுத்துக்கொண்டோம். கோயில் திருவிழாவுக்கு, கல்யாண வீட்டு மேசைக்கு, தலவாக்கலைப் பக்கத்து விடுதிகளுக்கு என்று ஓடர் வந்தது. எனக்கும் அவருக்கும் தினமும் ஒரு சண்டையாவது இருக்கும். பெரிய சண்டை ஒன்று சொல்கிறேன். அடைமழையில் கம்பங்கள் சாய்ந்து நாள் கணக்கில் கரண்டு இல்லாமல் போனது. நாங்களும் வார்த்து விற்ற சாதாரண வெள்ளைத் திரிக்குப் பஜாரில் விலை ஏறியது. நாமும் ஏற்றுவோம் என்றேன். வியாபாரி வீட்டுப் பெண் நான், வேறு என்ன சொல்வேன்?

"இருட்டுக்கு வெல ஏத்துனா, வெளிச்சம் வந்தப்புறம் எப்புடி அக்கா மூஞ்சியக் காட்டுறது?" என்றார்.

"இரக்கப்பட்டா லாபம் வராது" என்றேன்.

"வெலைய பெரணி எலைத் திரியில ஏத்துவோம். அது ஆசைக்கு வாங்குறது. இது இருட்டுல கஞ்சி குடிக்க வாங்குறது."

எனக்கு வந்த கோபத்தில் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்த மழைக்குப் பிறகு சுற்றுவட்டத் தோட்டத்துச் சனம் ஒரு தீப்பெட்டி வாங்குவதென்றாலும் என் கடைக்குத்தான் வருகிறது. உடப்புசல்லாவைப் பக்கத்திலிருந்துகூட ஒரு அம்மா தேடிவந்தார். இதை நான் அவரிடம் சொன்னபோது, "அழகும் இருக்கு, புத்தியும் இருக்கு" என்று தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

ஒருகட்டத்தில், எல்லோருக்கும் கூலி கொடுத்து, மெழுகுக்கு எடுத்துவைத்து, மீதி நின்ற லாபம் யோகாவின் சம்பளத்தைத் தாண்டியது. அன்று அவர் பூரித்துப்போவார் என்று பார்த்தேன். அவர் அச்சைக் கழுவிக்கொண்டிருந்தார். "கூப்புட வேண்டியதுதானே அக்கா? இதுக்குத்தானே இவ்வளவும்?" என்றேன்.

"நான் கூப்புட்டா அம்மாவுக்காக வருவா. அப்புறம் ஒருநா அலுத்துப்போயி என்னையப் பாப்பா. இது நல்ல வேலைன்னு அவளுக்கே தோணி வரட்டும்."

அந்தப் பொங்கலுக்கு யோகா வந்தாள். பின்னறையைச் சுற்றிப் பார்த்தாள். பெட்டி கட்டுவது சரியில்லை என்று நாள் முழுக்க உட்கார்ந்து மாற்றிக் கட்டினாள். நான் கண்ணைக் காட்டினேன், ஜாடை செய்தேன், செருமினேன். புஷ்பா அக்கா "இந்த வாரம் பெட்டி நல்லா இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொண்டார். யோகா பஸ் ஏறினாள். அன்று அவர் மெழுகு உருக்கவில்லை. பின்னறையில் தனியே உட்கார்ந்திருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இப்போது பின்னறையை யோகாதான் நடத்துகிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். கருமாதி முடிந்த மறுநாளே மெழுகு அடுப்பில் ஏறிவிட்டது. அவள் விலை சொல்லும்போது எனக்கே பயமாக இருக்கிறது, அவ்வளவு கறார். அம்மாவோடு இரண்டு வருடம் ஒரே அடுப்பில் நின்று வேலை செய்திருக்கிறாள். எனக்கு அழுகை வரும்போதெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அவள் வந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். கொழும்பில் அறை எடுத்து வேலை செய்யும் நம் பிள்ளைகள் பண்டிகைக்கு வரும்போது ஒரு தோள்பைதான் கொண்டு வருவார்கள். குளிக்கிற வாளியும் தலையணையும் அங்கேயே கிடக்கும். திரும்பிப் போய்ப் படுக்க வேண்டுமே. அன்று பண்டிகையும் இல்லை, ஒன்றும் இல்லை, நல்ல வெயில் அடித்த ஒரு சாதாரண நாள். நாங்கள் கடை வாசலில் நின்று பெட்டிக்கு நூல் வெட்டிக்கொண்டிருந்தோம். எதிரே நுவரெலியா பஸ் வந்து நின்றது. யோகா இறங்கினாள். ஒரு கையில் நீல நிற வாளி, அதற்குள் சவர்க்காரப் பெட்டி. இன்னொரு கையில் கயிறு கட்டிய தலையணை. புஷ்பா அக்கா கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ரோட்டுக்குக் குறுக்கே ஓடினார். மகளைக் கட்டிப்பிடிக்கவில்லை, வா என்றுகூடச் சொல்லவில்லை. அந்த வாளியைப் பிடுங்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடு ரோட்டில் நின்று, பஜார் முழுக்கத் திரும்பிப் பார்க்கக் கத்தினார்:

"அக்கா! வாளியையும் கொண்டாந்துட்டா அக்கா! வாளியையும் கொண்டாந்துட்டா!"

அவரைப் பற்றி ஆளுக்கொன்று வைத்திருப்பீர்கள். நான் வைத்திருப்பது அந்தச் சத்தம்.